ஈரச் சுவருக்குள் நவதானியம்

அந்தச் சுவருக்குள் நவதானியத்தை வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறேன். பட்டு வேட்டியில் மடிப்பு எங்கே விழவேண்டும் என்று கேட்டால் சொல்லுவேன். வீடு கட்டுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நாங்கள் இருந்தது கொள்ளிடக் கரையில். தகரம் போட்ட ஒற்றை அறை. மேலே அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று மைக் கட்டிய வண்டி வந்து சொன்னால், என் மனைவி முதலில் பெருமாள் படத்தைக் கழற்றிப் புடவையில் சுற்றுவாள். அப்புறம்தான் அரிசி டின்னைத் தொடுவாள். பள்ளிக்கூடத்தில் போய் நாலைந்து நாள் தங்குவோம். திரும்பி வந்தால் தரையில் ஒரு சாண் வண்டல் இருக்கும். இருவருமாக வாரிக் கொட்டுவோம். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் அந்த அறையிலிருந்துதான்.

ஆகவே, கரையோரக் குடும்பங்களுக்குக் காட்டூரைத் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வீடு தருகிறார்கள், பட்டியலில் நம்மையும் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, என் மனைவி தாயார் சன்னதியில் விழுந்தவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டை மெஷின் கட்டும் என்றார்கள். கொத்தனார் கிடையாது, செங்கல் கிடையாது. எல்லாரையும் இடத்துக்கு வரச்சொல்லி, ஒரு என்ஜினியர் பெண் விளக்கிச் சொன்னார். என் மகள் வயதுதான் இருக்கும். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"கம்ப்யூட்டர்ல உங்க வீட்டோட படம் இருக்கும். மெஷின் அதைப் பார்த்துக்கிட்டே சிமென்ட் கலவையைப் பிழிஞ்சுக்கிட்டுச் சுத்தி வரும். ஒரு சுத்துக்கு ஒரு வரி. வரி மேல வரி ஏறி சுவராயிடும். இடியாப்பம் பிழியிற மாதிரின்னு வச்சுக்குங்க."

எங்களுக்கு எதிர் மனை ஒதுக்கப்பட்டவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் காட்டூருக்கும் நடுவே ஓடுகிறார். கரையில் இருக்கும்போதிருந்தே பழக்கம், என்னைவிடப் பத்து வயது சிறியவர். இரண்டு பெண் குழந்தைகள். வாய் சும்மா இருக்காது.

"இடியாப்பம் சரி மேடம். தேங்காய்ப் பால் நாங்க கொண்டாரணுமா, நீங்களே ஊத்துவீங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணு மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க. மெஷின் ஓடும்போது மஞ்சள் கயித்தைத் தாண்டி யாரும் உள்ள வரக் கூடாது. ஈரச் சுவர்ல கை வைக்கக் கூடாது. ஒரு குச்சி, ஒரு பூ, எதுவும் அதுமேல விழக் கூடாது. ஒரு வரி அடுத்த வரியோட ஒட்டுறதுதான் இந்தச் சுவரோட பலமே. நடுவுல ஏதாவது போயிட்டா அந்த இடம் ஒட்டாது. மீறினா ஒதுக்கீடு ரத்தாகும்."

அப்படியே ஒரு தாளிலும் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டோம். நான் படித்துப் பார்த்துத்தான் போட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீடு திரும்பும் வழியில், காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஏறும்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள்.

"என்னங்க, பூமி பூஜை எப்ப?"

"அது முடிஞ்சு போச்சாம். வாசல்ல ஒரு தேங்காய் உடைச்சு எல்லா வீட்டுக்கும் சேர்த்து முடிச்சுட்டாங்களாம். அடித்தளமும் கான்கிரீட் போட்டாச்சு."

"அப்ப ஈசானிய மூலையில குழி? நவதானியம்?"

எங்கள் வழக்கத்தில், வீட்டுக்கு அடித்தளத்துக்கான வானம் தோண்டும்போது வடகிழக்கு மூலையில் தனியாக ஒரு சிறு குழி எடுத்து, நவதானியத்தைப் பாலோடு சேர்த்து உள்ளே விட்டு மூடுவார்கள். வீட்டுக்காரனும் வீட்டுக்காரியும் தங்கள் கையால் செய்ய வேண்டும். மண்ணில் போட்ட தானியம் மண்ணோடு போய்விடும். பிறகு அதை யாரும் நினைப்பதுகூட இல்லை. ஆனால் அதைச் செய்யாமல் எழும்பிய வீட்டில் விளக்கு நின்று எரியாது என்பது என் மனைவியின் நம்பிக்கை. என் நம்பிக்கையும் அதுவே. அவள் மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன்.

"நம்ம கை படாம ஒரு வீடு எழும்புது. ஒரு கல்லுகூட நாம எடுத்து வைக்கல. இதுக்குப் பேரு வீடாங்க?" என்று இரண்டு நாள் புலம்பினாள்.

நான் துணி எடுக்கப் போகிற வீடுகளில் ஒரு பட்டர் சுவாமி இருக்கிறார். பஞ்சகச்சத்தைக் கொடுக்கும்போது அவரிடம் கேட்டேன். கான்கிரீட் போட்ட பிறகு குழி எடுக்க முடியாதே, என்ன செய்வது என்றேன். அவர் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"பகவானுக்குக் குழியென்னப்பா, மேடென்ன? மானசீகமா சேவிச்சுக்கோ. அதுவே போறும்."

போதும் என்று அவர் சொன்னது எனக்குப் போதவில்லை. கான்கிரீட்டில் முடியாவிட்டால் சுவரில் முடியுமே என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லித் தரவில்லை. வண்டியில் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தானாக வந்த யோசனை. பெருமாளே சொன்னதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுச் சுவர் எழும்பிய நாளில் எங்களுக்கு நாற்காலி போட்டு, தார்ப்பாய் நிழலில் உட்கார வைத்தார்கள். நாலு இரும்புக் கால்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு உத்திரம், அதில் தொங்கும் ஒரு குழாய். அந்தக் குழாயை அங்கே வேலை செய்கிறவர்கள் மூக்கு என்பார்கள். மூக்கிலிருந்து சாம்பல் நிறக் கலவை தடித்த கயிறு போல இறங்கி, தரையில் படுத்து, மூலையில் திரும்பி, வாசலுக்கு இடம் விட்டு, மறுபடி தொடங்கிய இடத்துக்கே வரும். ஒரே சீரான முனகல் சத்தம். நிற்கவே இல்லை. வெயில் உச்சிக்கு வருமுன் இடுப்பளவு ஏறிவிட்டது.

மூக்கு ஒரு சுற்று வர, பெருமாள் நாமத்தை நூற்றெட்டுத் தடவையாக இரண்டு முறை சொல்லும் நேரம் ஆனது. எண்ணிப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஈசானிய மூலை அந்தத் தார்ப்பாய்க்குப் பின்பக்கமாக இருந்தது. என்ஜினியர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கலவைத் தொட்டியிடம் நின்றார்கள். என் மனைவி முந்தானையிலிருந்து முடிச்சை எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் துணி, உள்ளே ஒரு பிடி நவதானியம். பெரிய நெல்லிக்காய் அளவு.

மூக்கு மூலையைத் தாண்டியதும் மஞ்சள் கயிற்றைத் தாண்டினேன். முடிச்சைக் கண்ணில் ஒற்றி, ஈர வரியின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கி உள்ளே இறக்கினேன். மேலே கலவையைத் தடவினேன். திரும்பி வந்து உட்கார்ந்து நாமத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். மூக்கு சுற்றி வந்தது. அந்த இடத்தின் மேல் ஊர்ந்து, மூடிவிட்டுப் போனது. லேசாக ஒரு மேடு தெரிந்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். ராத்திரி சோறு பிசையும்போது கட்டைவிரல் எரிந்தது. சிமென்ட் பட்ட தோல் வெந்து உரிந்திருந்தது.

எதிர்வீடு இரண்டு நாள் கழித்து எழும்பியது. அதற்கு மறுநாள் காலை ஆட்டோக்காரர் தம்பி என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது, பின்னால் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க வீட்லயும் ஆச்சுண்ணே."

"என்ன ஆச்சு?"

"சும்மா நடிக்காதீங்க. அண்ணிதான் எங்க வீட்டம்மாவுக்கு முடிச்சு கட்டிக் கொடுத்தாங்க. ரெண்டு பொண்ணுங்களாச்சே, ஆளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பிடியா போடச் சொன்னாங்களாம். கொழுக்கட்டை கணக்கா இருந்துச்சு."

"எங்க வச்சீங்க?"

"அதே ஈசானியம்தான். ஆனா உங்கள மாதிரி இடுப்புக்கு வைக்கலண்ணே. கீழ வச்சா புள்ளைங்க கால் படும், பாவம். பெயின்ட் டப்பா மேல ஏறி நின்னு, தலைக்கு மேல வச்சேன். கிட்டத்தட்ட கூரை உட்கார்ற இடம்."

அப்போது எனக்கு அது தவறாகவே படவில்லை. நமக்கு இது தோன்றாமல் போயிற்றே என்றுதான் நினைத்தேன்.

சுவருக்குத் தண்ணீர் விடுவது வீட்டுக்காரர்கள் பொறுப்பு. சுவரைச் சுற்றிச் சணல் சாக்குகளைத் தொங்கவிட்டு, அவை காயாமல் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். அதிகாலையில் போய் நனைத்துவிட்டு இஸ்திரி வண்டிக்கு வருவேன். சாயங்காலம் மறுபடி போவேன். மற்றவர்களைவிட எங்கள் வீட்டுக்கு அதிகமாகவே ஊற்றினேன். ஈசானிய மூலையில் இன்னும் ஒரு குடம். அது அபிஷேகம் போல எனக்கு. ஒவ்வொரு குடத்துக்கும் பெருமாளைச் சேவித்துக்கொண்டே ஊற்றினேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சாக்கை விலக்கிப் பார்த்தபோது மேடு பெரிதாகத் தெரிந்தது. வெயிலில் கண் கூசுகிறது என்று நினைத்தேன். கையை வைத்துப் பார்த்தேன். முதுகில் கிளம்பும் கட்டி போல உருண்டையாக இருந்தது. ஊறின மொச்சையின் வாசனையும் இலேசாக வந்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள், எங்கள் தகர வீட்டில் இருந்தபடி. மறுநாள் குழம்புக்கு மொச்சையை ஊற வைத்திருந்தாள். காலையில் பார்த்தால் சொம்பின் வாய் நிறையப் பருத்து, மேலே வைத்திருந்த தட்டைத் தூக்கிவிட்டிருந்தது. தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்கு அவள் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னங்க" என்றாள். "நாம வறுத்துப் போடலியே. பச்சையாத்தானே போட்டோம்."

"ஆமா."

"தினம் தண்ணி ஊத்துறீங்களே."

அவள் முகத்தை நானும் என் முகத்தை அவளும் பார்த்துக்கொண்டோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இறக்கக்கூடத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றவும் பயம், ஊற்றாமல் இருக்கவும் பயம். சாக்கு காய்ந்திருந்தால் மேற்பார்வைக்காரர் சத்தம் போட்டார்: "சுவர் வெந்து போயிடும்யா, ஊத்து!" அவர் கண்ணுக்கு முன்னால் ஊற்றினேன். மேட்டிலிருந்து இரண்டு பக்கமும், வரியும் வரியும் சேருகிற இடத்தில், முடி போல ஒரு கோடு கிளம்பியிருந்தது. முதலில் விரல் நீளம். பிறகு சாண். கூரை ஏற்றும் நாள் சொன்னபோது முழங்கை நீளம் வந்துவிட்டது. சாக்கை அதன் மேல் இழுத்து மூடி வைத்தேன்.

ஆட்டோக்காரர் தம்பியிடம் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் சிரிக்காமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எங்க வீட்லயும் லேசா இருக்குண்ணே. உயரத்துல இருக்கறதால தெரியல. அண்ணே, கையெடுத்துக் கும்பிடுறேன். வாயைத் திறந்துடாதீங்க. ரெண்டு வீடும் போயிடும். மறுபடி அந்தக் கரையில கிடந்து சாவணுமா புள்ளைங்க?"

என் மனைவியும் அதையே சொன்னாள். "சாமிக்குன்னு வச்சது. அது கெடுதல் பண்ணுமா? பெருமாள் பார்த்துப்பாரு. நீங்க பேசாம இருங்க." சொல்லும்போது அவள் குரலில் தெம்பு இல்லை.

கூரை என்பது தனியாக வார்த்து வைத்த கான்கிரீட் பலகைகள். கிரேன் தூக்கிச் சுவரின் மேல் வைக்கும். கூரை ஏற்றும் நாள் காலையில் அந்தத் தெரு வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து நின்றோம். எங்கள் வீடுதான் முதல். பலகையை வாங்கி நேராக உட்கார வைக்க, இரண்டு தொழிலாளர்கள் உள்ளே சாரத்தில் ஏறி நின்றார்கள். ஒருவர் நின்றது ஈசானிய மூலையில். வெற்றிலை போட்டுக்கொண்டு, கீழே நின்ற எங்களைப் பார்த்து, "பால் காய்ச்சும்போது மறந்துடாதீங்க சாமி!" என்று கத்தினார்.

பலகை மேலே எழும்பியது. அதன் நிழல் தரையில் எங்களைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். நானும் கண்ணை மூடி நாமத்தைச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. அத்தனை வருடம் மூச்சு போல வந்தது அன்றைக்கு வாயில் வரவில்லை.

கயிற்றைத் தாண்டி ஓடினேன். "மேடம், வேண்டாம்! வைக்காதீங்க! அந்த மூலையில நான் ஒண்ணு வச்சிருக்கேன்!"

கிரேன் நின்றது. பலகை அந்தரத்தில் ஆடியது. வெற்றிலைக்காரர் எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை, கீழே என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

சாக்கை விலக்கிக் காட்டினேன். என்ஜினியர் விரலால் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உளி கொண்டுவரச் சொன்னார். நாலு தட்டு தட்டியதும் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே மஞ்சள் துணி கிழிந்து, கொண்டைக்கடலையும் மொச்சையும் ஒன்றோடொன்று நெரிந்து, கறுத்து, கொழகொழவென்று இருந்தது. நெல்லிக்காய் அளவு வைத்தது எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகியிருந்தது. அந்த நாற்றத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

திட்டுவார் என்று நின்றேன். அந்தப் பெண் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, இதை முன்னாடியே கேட்டிருந்தீங்கன்னா அடித்தளத்துல ஒரு குழி விட்டிருப்பேனே. ஒரு பிடி தானியத்துக்கு ஒரு குழிதானே."

கேட்கலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. கொடுக்கிறவர்களிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

பிறகு அவர் எதிர்வீட்டைப் பார்த்தார். "வேற யாராவது இப்படி வச்சீங்களா? உண்மையைச் சொல்லிடுங்க."

ஆட்டோக்காரர் தம்பி முன்னால் வந்தார். சின்னப் பெண் அவர் இடுப்பில் இருந்தாள். அவள் தலையில் கையை வைத்தார்.

"என் பொண்ணு மேல சத்தியமா இல்லைங்க மேடம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வீட்டைக் கெடுத்தது போதாதா, அவர் வீட்டையும் கெடுக்க வேண்டுமா என்று நினைத்தேன். மேலோட்டமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, அவர் வீட்டுக்குக் கூரையை ஏற்றினார்கள்.

எங்கள் ஒதுக்கீட்டை ரத்து செய்யவில்லை. ஆனால் கெட்ட மூலையை மட்டும் தனியாகத் திருத்த முடியாது, சுவர் முழுவதையும் எடுத்துவிட்டு மெஷின் திரும்பி வரும்போது புதிதாகப் பிழிய வேண்டும் என்றார்கள். மெஷினைக் கழற்றி வேறு ஊருக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் மனையில் அடித்தளம் மட்டும் கிடந்தது. நாங்கள் கொள்ளிடக் கரையிலேயே இருந்தோம்.

ஆட்டோக்காரர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போனோம். போகாமல் இருக்க முடியுமா? பெண் குழந்தைகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு அறைக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சுவர் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வரி வரியாக, கோரைப்பாய் போல. நல்ல வீடு. எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் பொய்.

என் மனைவி சும்மா இருந்திருக்கலாம். ஈசானிய மூலையில், கூரை முட்டப் பெட்டிகள் அடுக்கிய இரும்பு பீரோ நிற்பதைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"என்ன தம்பி, இங்க போய் பாரத்தை வச்சிருக்கீங்க? ஈசானியத்துல இரும்பு நிக்கவே கூடாது. சாமிக்கு உண்டான இடமாச்சே. நகர்த்துங்க முதல்ல."

"இருக்கட்டும் அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்."

"நல்ல நாளும் அதுவுமா அப்புறமென்ன?" என்று சொல்லி, வந்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு அவளே நகர்த்த வைத்துவிட்டாள்.

பீரோவுக்குப் பின்னால், கூரைக்கு ஒரு முழம் கீழே, சுவர் உப்பியிருந்தது. அதிலிருந்து கோடு இறங்கி ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது. அந்த ஜன்னலுக்குக் கீழேதான் குழந்தைகளின் பாய் சுருட்டி வைத்திருந்தது.

ஆட்டோக்காரர் பெரிய பெருமாள் படமாக ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கோட்டின் மேல் மாட்டினார். கீழே பலகை அடித்து விளக்கு வைத்தார். "இப்ப சரியாப் போச்சா அண்ணி?" என்றார். என் இலையில் பாயசத்தை அவரே ஊற்றினார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என்ஜினியருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவர் வேறு ஊரிலிருந்து வந்து, படத்தையும் பலகையையும் இறக்கச் சொல்லி, சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். குழந்தைகளை அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது, மழைக்காலம் முடிந்ததும் சுவரையே எடுத்துப் புதிதாகப் பிழிவோம் என்று சொல்லிவிட்டு, கூரைக்கு முட்டாக அந்த மூலையில் ஒரு ஜாக்கியை நிறுத்தினார். ஜாக்கி என்றால் இரும்புக் குழாய்தான். நடுவில் திருகு இருக்கும். திருகத் திருக உயர்ந்து மேலே இருப்பதைத் தாங்கும்.

"எப்ப விழும்னு கேக்காதீங்க" என்றார் அவர்களிடம். "விழாமலேயே இருக்கலாம். மேல பாரம் இருக்கு, உள்ள தண்ணி இறங்குது. என்னால சொல்ல முடியாது. இந்த ஜாக்கியை மட்டும் தொடாதீங்க."

அவர் போன பிறகு ஆட்டோக்காரர் என்னிடம் வந்தார்.

"உங்களுக்கு வீடு இல்லைங்கிற வயித்தெரிச்சல்தானேண்ணே? சொல்லிட்டுப் போங்களேன் நேரா."

அதில் கொஞ்சம் உண்மையும் இருக்குமோ என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு அவர் ஆட்டோவில் நான் ஏறுவதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. துணி காயாததால் இஸ்திரிக்கு வேலை இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சத்திரத்துக்குப் போய் டவுன் பஸ் ஏறி, காட்டூரில் இறங்கி நடந்தேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. கால் போயிற்று.

அவர் வீட்டு வாசலில், மழையில், அந்த ஜாக்கி படுத்துக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டே நிற்கும்போது அவர் மனைவி வெளியே வந்தார்.

"ஏம்மா, இதை ஏன் எடுத்தீங்க?"

"உள்ள வாங்கண்ணே, நனையாதீங்க" என்றவர், கொஞ்சம் தயங்கி, "ஈசானியத்துல இரும்பு நிக்கக் கூடாதுன்னு அண்ணிதானே சொன்னாங்க. விளக்கு வேற ரெண்டு நாளா அணைஞ்சு அணைஞ்சு போச்சு. அதான் எடுத்துட்டு, படத்தை மறுபடி அங்கயே மாட்டச் சொன்னேன்" என்றார்.

உள்ளே ஆட்டோக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்களும் அந்த மூலையில், சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு. படத்துக்குக் கீழே சுவர் கருத்து, ஈரம் தொடையகலத்துக்கு இறங்கியிருந்தது.

"தம்பி, ஜாக்கியை வச்சுடலாம். நான் பிடிக்கிறேன், வாங்க."

"உங்க வீட்டை நீங்க பாத்துக்குங்கண்ணே."

"எனக்கு வீடு எங்க இருக்கு? நான் உண்டாக்கின வினை இது. உங்களுக்கு என் மேல என்ன கோபம் வேணா இருக்கட்டும். புள்ளைங்களை எழுப்புங்க அங்கேருந்து."

அவர் எழுந்திருக்கவில்லை. "வைக்கணும்னா சாமி படத்தையும் பலகையையும் எடுக்கணும். என்னால முடியாது. நீங்களே கழட்டுங்க" என்றார்.

என் வாழ்நாளில் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து பெருமாளை இறக்கியதில்லை. ஏற்றித்தான் பழக்கம். கையைத் துடைத்துக்கொண்டு, மன்னிக்கச் சொல்லி வேண்டிக்கொண்டு, படத்தைத் தூக்கினேன். பின்னால் அட்டை ஊறிக் கையோடு வந்தது. சுவரிலிருந்த பிளவில் என் சுண்டுவிரல் நுழையும். அதற்குள்ளிருந்து எறும்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்பாக ஒரு துணுக்கு. பெரிய பெண் எட்டிப் பார்த்து, "அப்பா, எறும்பு சுவத்துக்குள்ளேருந்து சாப்பாடு எடுத்துட்டு வருது!" என்றாள்.

ஆட்டோக்காரர் கட்டிலிலிருந்து எழுந்தார்.

படத்தைப் பெரிய பெண்ணின் கையில் கொடுத்தேன். இருவருமாக ஜாக்கியைத் தூக்கி வந்து நிறுத்தினோம். அவர் அடியைக் காலால் அணைத்துப் பிடிக்க, நான் திருகினேன். திருகு ஏறி, தலை கூரையில் முட்டியது. இன்னும் அரைச் சுற்று திருகினேன். மேலே, சுவரும் கூரைப் பலகையும் சேருகிற இடத்தில், காய்ந்த மட்டையை மிதித்தது போல ஒரு சத்தம் கேட்டது. என் தோளில் மண் விழுந்தது.

கையை எடுத்துவிட்டேன். திருகினால் தாங்குமா, திருகினால்தான் பெயருமா, எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் ஒருமுறை கை வைத்ததே போதும்.

"தம்பி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க. எதையும் எடுக்காதீங்க."

இந்த முறை அவர் மறுக்காமல் சின்னவளை வாரிக்கொண்டார். அவர் மனைவி அடுப்பை அணைக்க ஓடினார்; கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பெரியவள் பெருமாள் படத்தை மார்போடு கட்டிக்கொண்டு வந்தாள். தெருவைத் தாண்டி, ஒன்றும் கட்டாமல் கிடந்த எங்கள் மனையில், அந்த வெறும் அடித்தளத்தின் மேல் போய் நின்றோம். கணுக்கால் வரைக்கும் தண்ணீர்.

என்ஜினியருக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தேன்.

மழை வலுத்தது. கதவு திறந்தபடியே இருந்ததால் உள்ளே கட்டிலும், சுவரோரம் கவிழ்ந்து கிடந்த நோட்டுகளும், நடுவில் அந்த இரும்புக் கம்பமும் தெரிந்தன. நாங்கள் ஐந்து பேரும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றோம். சுவர் நின்றுகொண்டிருந்தது.